ஆடித் தேய்பிறையில் ஒரு கவாத்து

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பத்து. வானம் மூட்டம். மேற்கே மலை இருக்கிற இடத்தில் வெறும் சாம்பல் நிறம். கையை நீட்டிப் பார்த்தால்தான் சாரல் விழுகிறதா நின்றுவிட்டதா என்று தெரியும். நான் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றபோதுதான் என் மைத்துனன், மனைவியின் தம்பி, மொபெட்டை அணைக்காமலே தெருவில் நிறுத்திவிட்டு வந்தான்.

"மச்சான், நெட்டுல திராட்சக் கணக்கு எழுதுறது நீங்கதான?"

ஆமாம் என்றேன். திருடியது போல இருந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். அவன் செல்போனை என் கண்ணுக்கு நேரே நீட்டினான். அதில் நான் பிப்ரவரி கடைசியில் எழுதியது, வரி பிசகாமல், என் பெயர் மட்டும் இல்லாமல் இருந்தது. திராட்சை போடுகிறவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் யாரோ போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து அடுத்த குழு, அதற்கடுத்த குழு.

"ஜூலை ரெண்டாம் வாரம் காலியாக் கெடக்குன்னு எழுதுனீக. காலியாக் கெடந்த எடத்துல எல்லாப் பயலும் வந்து உக்காந்துட்டான். நானுந்தான். இன்னைக்கி கிலோ பதினெட்டு ரூவா. பெட்டிக் கூலிக்குக் காணாது."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. என் மனைவி காபியோடு வந்தாள். அவன் குடிக்காமலே போய்விட்டான். வண்டியை அணைக்காமல் விட்டது அதற்குத்தான் என்று பிறகு புரிந்தது.

இதற்குக் கொஞ்சம் முன்கதை உண்டு.

நான் பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருடம் வாய்க்கால் தண்ணீரை அளந்தவன். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை. அளவுகோலைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும், அனுப்ப வேண்டும். கல்யாணம் காட்சி என்று வெளியூர் போனால் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த ஆள் சரியாகப் பார்த்தானா என்ற கவலையில் சாப்பாடு இறங்காது. ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது, அளக்க எதுவும் இல்லை. எங்கள் ஊர் ராயப்பன்பட்டியைச் சுற்றி எங்கே திரும்பினாலும் திராட்சைப் பந்தல்தான். நடக்கப் போனேன். போன இடத்தில் எந்தத் தோட்டத்தில் கொப்பை வெட்டிக் கவாத்து அடித்திருக்கிறார்கள், எதில் இலை துளிர்த்திருக்கிறது, எதில் காய் நிறம் மாறுகிறது என்று எண்ணத் தொடங்கினேன். எண்ணாமல் என்னால் நடக்க முடியாது. அது ஒரு வியாதி என்றால் வியாதிதான்.

பன்னீர் திராட்சை ஒரு ஒழுங்கான பயிர். கொடியைக் கவாத்து அடித்த நாளிலிருந்து நூற்றிருபதாம் நாள் பழம் வெட்டலாம். ஐந்து நாள் முன்பின் ஆகும், அவ்வளவுதான். ஆகவே இன்றைக்கு எத்தனை தோட்டத்தில் கத்தரி விழுகிறது என்று தெரிந்தால், நான்கு மாதம் கழித்து எத்தனை தோட்டத்துப் பழம் ஒரே வாரத்தில் சந்தைக்கு வரும் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். பெரிய வித்தை இல்லை. எண்ணினால் போதும். யாரும் எண்ணவில்லை, அதுதான் ஆச்சரியம்.

இந்த எண்களைக் கோயம்புத்தூரில் இருக்கிற மகளுக்குத் தினமும் போனில் சொல்லிவந்தேன். ஒரு விடுமுறையில் வந்தவள், "அப்பா, இதையெல்லாம் எனக்குச் சொல்லாதீங்க, இதுல எழுதுங்க" என்று ஒரு வலைப்பூவைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். போனில் என் தொல்லை குறையட்டும் என்றுதான் செய்தாள், எனக்குத் தெரியும். மூன்று வருடம் எழுதினேன். பக்கத்தின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு எண் வரும். ஐந்து, ஏழு, அதிகம் போனால் ஒன்பது. அதில் இரண்டு நானே. ஒன்று மகள், ஒன்று மருமகன். மீதியும் வழி தவறி வந்தவர்களாகத்தான் இருக்கும் என்று நினைத்து, அந்தத் தைரியத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் என் வாசகர்களை மட்டும் தப்பாக எண்ணியிருக்கிறேன். வாட்ஸப்பில் போவதை அந்த எண் எண்ணாது என்பது எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் எழுதியது இதுதான்: பெரும்பாலானவர்கள் கவாத்தை முடித்துவிட்டார்கள், மார்ச் பதினொன்றிலிருந்து பதினெட்டுக்குள் அடிக்கிறவருக்கு ஜூலை இரண்டாம் வாரம் போட்டியே இருக்காது. மார்ச்சில் அந்த வாரத்தில் நான் நடக்கிற வழியில் மட்டும் முப்பத்தேழு தோட்டத்தில் கத்தரி விழுந்தது. அதையும் எண்ணினேன். ஏன் என்று யோசிக்கவில்லை. மார்ச் பத்து அமாவாசை, மறுநாள் வளர்பிறை பிறக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வளர்பிறை விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் மாட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் கோயில் மணி அடித்தால் சிலுவை போட்டுக்கொள்கிறவர்கள் அதிகம். பஞ்சாங்கம் பார்க்க மாட்டோம். ஆனால் தேய்பிறையில் கொடியில் கத்தரி வைக்க மாட்டோம். வைத்தால் துளிர் தேயும் என்று ஒரு எண்ணம். சுற்று ஊர்க்காரர்கள் ஆடி மாதமும் ஆகாது என்பார்கள்; நாங்கள் ஆடியை நம்புவதில்லை, ஆனால் ஆடியிலும் வெட்டுவதில்லை. பங்குச் சாமியாரிடம் கேட்டால் சிரிப்பார் என்று அவரிடம் யாரும் கேட்பதும் இல்லை. ஆக மாதத்தில் பாதி நாள் எல்லாரும் சும்மா இருப்பார்கள், மீதிப் பாதியில் எல்லாரும் ஒன்றாக வெட்டுவார்கள். நான்கு மாதம் கழித்துப் பழமும் அப்படியே, இரண்டு வாரம் குவியும், இரண்டு வாரம் சந்தையில் பேருக்குக்கூடக் கிடைக்காது.

மைத்துனன் நான்கு நாள் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தான். இந்தத் தடவை வண்டியை அணைத்தான். அவன் வெட்டிய பழத்துக்குக் கிடைத்த கடைசி விலை பதினாறு. அதைச் சொல்லிவிட்டு, யோசித்து வைத்திருந்ததையும் சொன்னான். எல்லாருக்கும் ஒரே நாளைச் சொன்னதுதான் தப்பு, ஆளுக்கொரு நாளைச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது, இனி இலவசமாக எழுதுவதை நிறுத்திவிட்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக நாள் பிரித்துக் கொடுங்கள் என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இல்லை, பயம். நான் ஒரு கொடியை நட்டவன் இல்லை. ஒரு கொத்து வெட்டியவன் இல்லை. பந்தலுக்கு வெளியே நின்று எண்ணியவன். மூன்று தலைமுறையாகப் பந்தலுக்கு அடியில் இருக்கிறவனிடம் போய், இன்ன தேதியில் வெட்டு, காசைக் கொடு என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் முப்பத்தேழு பேரைக் கவிழ்த்த பிறகு. இதை மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"முப்பத்து நாலு வருசம் தண்ணிய அளந்தீகளே, ஒரு நாளாச்சும் நீங்க மடை தொறந்து வயலுக்குப் பாய்ச்சினீகளா? அளந்ததுக்குத்தான சம்பளம் வாங்குனீக."

 

வலைப்பூவில் ஒரு அறிவிப்பு எழுதினேன். தோட்டத்துக்குத் தனித் தேதி குறித்துத் தரப்படும், ஏக்கருக்கு ஐநூறு ரூபாய். எழுதினேன், அழித்தேன். ஐநூறை முந்நூறாக்கினேன். முந்நூறு கேட்பவனை யார் நம்புவார்கள் என்று மறுபடி ஐநூறாக்கினேன். கடைசியில் ரூபாயை எழுதாமல், 'விருப்பமுள்ளவர்கள் நேரில் பேசலாம்' என்று போட்டேன். போட்ட மறுநாள் டீக்கடைப் பக்கம் போகவில்லை. அதற்கு மறுநாள் பால் வாங்கப் போக வேண்டியிருந்தது, மாட்டிக்கொண்டேன்.

பெஞ்சில் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேருமே ஜூலையில் என்னால் நட்டப்பட்டவர்கள். யாரும் திட்டவில்லை. ஒருவர் மட்டும், சுற்றிலும் அவருடைய பேச்சுக்குச் சிரிக்கிறவர்கள் எப்போதும் இருக்கிற ஒரு பெரிய தோட்டக்காரர், இடம் கொடுத்து உட்காரச் சொன்னார். நாள் பிரிப்பது என்றால் மாதம் முப்பது நாளும் பிரிப்பீர்களா என்று கேட்டார். ஆமாம், அப்படிப் பிரித்தால்தான் பழம் குவியாது என்றேன்.

"அப்ப எவனுக்கோ தேய்பிறை விழுகுமே."

"விழுகும்."

"அந்த எவன் யாரு?" என்று அவர் பெஞ்சைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் தேநீரைப் பார்த்தார்கள். "மொதல்ல நீங்க ஒரு தோட்டத்துல தேய்பிறையில வெட்டி, பழம் எடுத்துக் காட்டுங்க. பெறகு நாங்க வாரோம்."

எனக்குப் பெரிய நிம்மதி. தப்பித்தேன் என்று நினைத்தேன். எனக்குத்தான் தோட்டமே இல்லையே என்றேன். அப்போதுதான் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. மைத்துனன், பார்சல் வாங்க வந்தவன்.

"எங்கிட்ட இன்னொரு ஏக்கர் சும்மாதான் கெடக்கு மச்சான். ஜூன் கடைசியிலயே பழம் வெட்டி முடிச்சது. ஒரு வெட்டுக்குக் குத்தகைக்கு எடுத்துக்கங்க. வெளி ஆளுக்கு எழுவது, உங்களுக்கு அறுவது."

அறுபதாயிரம். ஐந்து பேருக்கு முன்னால், பால் சொம்போடு நின்றுகொண்டு, முடியாது என்று சொல்லத் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, ஜூலையில் விட்டதை என் தம்பி உங்களிடமே பிடித்துவிட்டான் என்றாள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பது என் சந்தேகம்.

ஆகஸ்ட் ஒன்று, வியாழக்கிழமை. ஆடி மாதம், தேய்பிறை, அமாவாசைக்கு மூன்று நாள். இரண்டு குற்றமும் ஒரே நாளில் வரும்படி நானேதான் தேர்ந்தெடுத்தேன். அன்றிலிருந்து நூற்றிருபதாம் நாள் நவம்பர் இருபத்தொன்பது, நான் எண்ணிய வரையில் அந்த வாரம் ஒரு தோட்டம்கூடப் பழத்துக்கு வராது. கவாத்து ஆட்கள் ஒன்பது பேர் வந்தார்கள். வேறு எங்கும் வேலை இல்லாத நாள் என்பதால் வந்தார்கள். வந்தவர்கள் கத்தரியை எடுக்கவில்லை. கொத்தனார் ஆட்களைப் போல அவர்களுக்கும் ஒரு தலைவி உண்டு, ஐம்பது வயதுக்காரம்மா. அவர் தன் கத்தரியை என்னிடம் நீட்டினார்.

"மொதக் கொப்ப நீங்க வெட்டுங்கய்யா. பாவம்னு ஒண்ணு இருந்தா அது உங்களோட இருக்கட்டும். மத்தத நாங்க பாத்துக்குறோம்."

நான் தோட்டக்காரன் இல்லை என்று விளக்க முயன்றேன். இன்றைக்கு நீங்கள்தான் தோட்டக்காரர் என்றார். பந்தல் என் உயரத்துக்கு நான்கு விரல் குறைவு. தலையைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்க முடியும். அந்தச் சாய்ந்த தலையோடு ஒரு கொப்பைப் பிடித்துக் கணுவை எண்ணினேன். துளிர் வருகிற கண்ணில் நான்காவதற்கு மேலே வெட்ட வேண்டும். எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அடியில் ஒட்டியிருந்த சின்னக் கண்ணைச் சேர்ப்பதா விடுவதா என்று சந்தேகம் வந்தது. மறுபடி எண்ணினேன். ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண், "ஐயா ஏலம் போடுறாரு போல" என்றாள். சிரித்தார்கள். வெட்டினேன். வெட்டிய இடத்தில் கொடி நீர் விட்டது. நிமிடத்துக்குப் பதினான்கு சொட்டு. அது எல்லாக் கொடிக்கும் உள்ளதுதான் என்று தெரியும். ஆனாலும் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

வலைப்பூவில் மறுநாளிலிருந்து நாள் எண்ணை எழுதத் தொடங்கினேன். இன்று முதல் நாள். இன்று எட்டாம் நாள், கண் உப்பியிருக்கிறது. இன்று பதினோராம் நாள், துளிர் வந்துவிட்டது, தேயவில்லை. பார்வையாளர் எண் இருநூறைத் தாண்டியது. அத்தனை பேரும் நான் விழுவதைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டீக்கடையில் எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. நான் வருவதைப் பார்த்தால், "தேய்பிறை வருது, ஒரு டீ போடு" என்று அந்தப் பெரிய தோட்டக்காரர் சொல்வார். ஆத்திரமாக வரும். டீயை மட்டும் அவர் கணக்கிலேயே எழுதச் சொல்லிவிடுவார், அதனால் பதில் பேசவும் முடியாது.

நான் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. வாய்க்காலை அளப்பவன் கோலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தோட்டத்தை விட்டு அப்படிப் போக முடியாது. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் வெளியே வர ஏதாவது ஒரு வேலை விடாது. முப்பதாம் நாள் வாக்கில் இலை மூடி, பந்தலுக்கு அடியில் வானம் தெரியாமல் போனது. பச்சை வெளிச்சம், மருந்து வாடை, கழுத்து வலி. சாரல் விழுந்தால் செவட்டை வந்துவிடும், இலையும் பிஞ்சும் கருகுகிற நோய். அதனால் ஒவ்வொரு சாரலுக்கும் மறுநாள் மருந்து அடிக்க வேண்டும். இருபத்தொரு தடவை அடித்தோம். எண்பதாம் நாள் காய் கறுக்கத் தொடங்கியதும் பறவை வராமல் இருக்கச் சுற்றிலும் வலை கட்டினோம். ஒரு பக்கம் மட்டும் நான் நுழைய இடம் விட்டிருந்தது. நுழைந்ததும் அதையும் இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"பிள்ள பெத்தவளையே நாப்பது நாள்ல வெளிய விட்டுருவாக," என்றாள் மனைவி. "உங்களுக்கு நூத்திருவது நாளா?"

கோபித்துச் சொல்லவில்லை. நவம்பர் இருபத்து நான்கு, ஞாயிறு, கோயம்புத்தூரில் எங்கள் பேத்திக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். ஒரே பேத்தி. அது தோட்டத்துக்கு நூற்றுப் பதினைந்தாம் நாள். சனிக்கிழமை காலை போய்த் திங்கள் மாலை திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, தேனியிலிருந்து இரண்டு பஸ் டிக்கெட் முன்பதிவு செய்தேன். மூன்று நாள் மைத்துனன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

புதன்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது. சாரல் இல்லை, மழை. வியாழன் முழுக்க, வெள்ளி முழுக்க. திராட்சை பழுக்கிற நேரத்தில் இப்படி மழை பெய்தால் கொடி தண்ணீரைக் குடித்து, பழம் உள்ளுக்குள்ளே வீங்கித் தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்தை அன்றன்றைக்கே கிள்ளி எடுக்காவிட்டால் பக்கத்துப் பழமும் அழுகும், குளவி வரும், கொத்தே போய்விடும். வெள்ளிக்கிழமை மதியம் மைத்துனன் வந்து பார்த்தான். நாலு கொத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்றைக்கே வெட்டிவிடுங்கள் என்றான். கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு நாளைக்கு ஊருக்குப் போங்கள், முக்கால்வாசியாவது மிஞ்சும் என்றான். அவன் சொன்னது சரியான யோசனை. என் நல்லதுக்குத்தான் சொன்னான்.

ஒரு பழத்தை வாயில் போட்டேன். புளித்தது. ஏழு நாள் முன்னதாக வெட்டினால் அந்தப் புளிப்போடு சந்தைக்குப் போகும். தேய்பிறைப் பழம் புளிக்கிறது என்பார்கள். அதற்கப்புறம் நான் எந்தத் தேதியையும் யாருக்கும் சொல்ல முடியாது. நூற்றிருபது என்று எழுதியவன் நூற்றுப் பதின்மூன்றில் வெட்டினால், என் எண்ணிக்கையை முதலில் நம்பாதவன் நானே என்று ஆகிவிடும்.

"நூத்திருவதுதான் மாப்ள," என்றேன்.

"மச்சான், பாதி போயிரும்."

"போகட்டும்."

சொல்லிவிட்டுத்தான் தோன்றியது, முப்பத்து நான்கு வருடத்தில் யாரிடமும் நான் 'போகட்டும்' என்று சொன்னதில்லை. தைரியமாக இல்லை. அடுத்த கொத்தைத் தூக்கி வெடித்ததைக் கிள்ளத் தொடங்கினேன்.

மனைவி தனியாகப் போனாள். ஞாயிறு காலை மகள் வீடியோவில் கூப்பிட்டாள். நான் பந்தலுக்கு அடியில் முக்காலியில் உட்கார்ந்து வெடித்த பழத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் சாறு, போனை ஒரு கம்பியில் சாய்த்து வைத்தேன். பேத்தி வெள்ளை உடுப்பில், தலையில் பூ வளையத்தோடு நின்றாள். கையில் மெழுகுவர்த்தி. என்னை உற்றுப் பார்த்தாள்.

"தாத்தா, ஏன் உங்களச் சுத்தி வலை கட்டியிருக்கு? ஜூவுல கூண்டுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு."

குருவி வராமல் இருக்க என்றேன். குருவி வெளியேதானே இருக்கிறது, நீங்கள் ஏன் உள்ளே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். பூசைக்கு நேரமாகிவிட்டது என்று மகள் போனை வாங்கிக்கொண்டாள். மேலே இலையிலிருந்து தண்ணீர் சொட்டிப் போனின் முகம் நனைந்துவிட்டது; துடைத்தால் சாறு ஒட்டியது. படம் போய்ச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

மழை திங்களோடு விட்டது. நவம்பர் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை, வெயில். கம்பம் ஊருக்கு அந்தப்பக்கம் மலை ஏறிச் சரக்குக் கொண்டுபோகிற மலையாளத்து வியாபாரி ஒருவர் வந்தார். பந்தலுக்குள் குனிந்து ஒரு சுற்று நடந்தார். பாதி கொத்துகள் பூச்சியரித்த பல்லைப் போல இருந்தன, அதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிஞ்சிய பழம் கறுத்து, மேலே சாம்பல் பூத்து, இனிப்பாக இருந்தது. கிலோவுக்கு எழுபது தருகிறேன் என்றார். மைத்துனன் என் கையை அழுத்தினான், ஒத்துக்கொள்ளுங்கள் என்று. எழுபது நல்ல விலைதான்.

அன்று காலை வழக்கமான நான்கு கிலோமீட்டரையும் நடந்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு வந்திருந்தேன். வழியில் பழத்தோடு இருந்த தோட்டங்கள்: பூச்சியம். கார்த்திகையில் மாலை போட்டு மலையாளத்து மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டம், வரப்போகிற கிறிஸ்துமஸ், இரண்டும் அவருக்குத் தெரியாததல்ல.  ஆனால் தலை பந்தலுக்குச் சாய்ந்திருந்தது. விலை கேட்கிறவனாக அல்ல, கெஞ்சுகிறவனாகத்தான் தெரிந்திருப்பேன்.

"எண்பத்திரண்டு," என்றேன்.

"அதென்ன எண்பத்திரண்டு?" என்றார் வியாபாரி.

எண்பத்தைந்து கேட்க வாய் வரவில்லை, எண்பது கேட்டால் எழுபத்தைந்துக்கு இறக்குவார், அதனால் எண்பத்திரண்டு. இதையா சொல்ல முடியும்?  அவர் செல்போனை எடுத்து யாரிடமோ மலையாளத்தில் பேசினார், இன்னொருவரிடம் பேசினார். பிறகு சிரித்துக்கொண்டே வந்தார்.

"வேற எங்கயும் சாதனம் இல்லா, சேட்டா. எண்பத்திரண்டு எழுதிக்கோ." சாதனம் என்று அவர் சொன்னது சரக்கை.

ஆயிரத்து இருநூற்று அறுபது கிலோ தேறியது. நல்ல வெட்டு என்றால் இதைப் போல மூன்று மடங்கு எடுத்திருக்கலாம். வலைப்பூவில் எல்லாவற்றையும் அப்படியே போட்டேன்: எத்தனை கிலோ வெடித்தது, எத்தனை நின்றது, என்ன விலை. நட்டம் என்றும் போட்டேன். தேதி சரி, மழை என் கணக்கில் இல்லை, என்று எழுதி முடித்தேன்.

மூன்றாம் நாள் காலை முதல் ஆளாக வந்தவர் டீக்கடைப் பெரிய தோட்டக்காரர்தான். வாசலில் செருப்பைக் கழற்றினார். எனக்கு நட்டம் என்பதை அவர் பேசவே இல்லை. ஜூலையில் பதினாறு ரூபாய்க்கு விற்றவருக்கு எண்பத்திரண்டு என்ற எண் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. அவருக்கு நான்கு ஏக்கர். நான்கையும் வேறு வேறு வாரத்தில் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன், வெயிலைப் பற்றி ஏதோ சொன்னேன்.

"ஏக்கருக்கு ஐநூறு," என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "மொதல்லயே குடுத்துரணும்."

கொடுத்தார். எண்ணிக் கொடுத்தார். நானும் எண்ணினேன். அவருக்கு விழுந்த முதல் தேதி தேய்பிறை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. தயாராகத்தான் வந்திருந்தார்.

"ஒரே ஒரு விசயம். மொதக் கொப்பு நீங்க வந்து வெட்டணும். ஏற்கெனவே தொட்டவுக நீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைல்ல."

அன்றைக்கு அதை ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டேன். அது பரவும் என்று நினைக்கவில்லை. இன்றைக்கு என்னிடம் தேதி வாங்குகிறவர்கள் நாற்பத்து மூன்று தோட்டக்காரர்கள். மார்க்கையன்கோட்டைப் பக்கத்திலிருந்துகூட இரண்டு பேர். எங்கள் வீட்டு வாசலில் மகள் ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்புகிற அட்டையை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள், பணத்தைக் கையில் வாங்குகிற கூச்சம் போய்விட்டது. ஆனால் தேய்பிறையில் தேதி விழுகிற ஒவ்வொருவரும் காலையில் வண்டியோடு வந்து நிற்கிறார்கள். நான் பின்னால் ஏறிப் போக வேண்டும். பந்தலுக்குத் தலையைச் சாய்க்க வேண்டும். நான்கு கண் எண்ண வேண்டும். இன்னமும் இரண்டு தடவைதான் எண்ணுகிறேன். வெட்டியதும், "ஐயா தொட்டுட்டாக, ஆரம்பிங்க" என்று ஒரு குரல் வரும், எல்லாக் கத்தரியும் ஒன்றாகச் சத்தமிடும். அவர்களுக்கு ஒரு குறையும் வராது. வந்தால் என்னோடு.

வெளியூர் போக முடிவதில்லை. பேத்தி இந்த வருடம் மேடையில் ஆடியதையும் போனில்தான் பார்த்தேன். இடத்துக்கு ஆள் போடலாம் என்றால், பாவத்தை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. மைத்துனனைக் கேட்டேன், பிள்ளை குட்டிக்காரன் மச்சான் என்றான். மகளிடம் சொன்னால், அப்பா, இதுதான் வெற்றி, எத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள் தெரியுமா என்கிறாள். இருக்கலாம். போன வாரம் அவள்தான் கேட்டாள், இந்தத் தொழிலில் நீங்கள் மொத்தம் எவ்வளவு முதல் போட்டீர்கள் என்று. அப்போதுதான் உட்கார்ந்து கூட்டினேன். குத்தகை, கூலி, உரம், மருந்து, வலை எல்லாம் சேர்ந்து செலவு ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரத்து அறுநூற்று அறுபது. பழம் விற்று வந்தது ஒரு லட்சத்து மூவாயிரத்து முந்நூற்று இருபது. கையை விட்டுப் போனது அறுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது. அதோடு கோயம்புத்தூருக்கு எடுத்து, ஏறாமல் விட்ட ஒரு பஸ் டிக்கெட், இருநூற்று எழுபது. ஆக என் முதல் அறுபத்தோராயிரத்து அறுநூற்றுப் பத்து ரூபாய்.